பல்கலைக்கழகத் தலைவர்கள் எதைக் கற்க வேண்டும்? யூத வெறுப்பு குறித்த பயிற்சிகளைப் பற்றி

2023 டிசம்பர் 5 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் கல்விக் குழு முன்பாக ஹார்வர்டின் கிளாடின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்.ஐ.டி.யின் சாலி கோர்ன்பிளத் ஆகிய மூன்று பல்கலைக்கழகத் தலைவர்கள் அமர்ந்திருந்தார்கள். யூதர்களை இனப்படுகொலை செய்ய அழைப்பு விடுப்பது உங்கள் நடத்தை விதிகளை மீறுவதாகுமா என்று உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, அது சூழலைப் பொறுத்தது என்ற பொருளில் மூவரும் விடை சொன்னார்கள். நான்கு நாட்களில் மகில் பதவி விலகினார். கருத்துத்திருட்டுக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்ட நிலையில் கே 2024 ஜனவரி 2 அன்று விலகினார். கோர்ன்பிளத் மட்டும் நீடித்தார்.

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் நல அலுவலகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், அந்த விசாரணைக்குப் பிறகு யூத வெறுப்பைக் கையாள்வது குறித்த பயிற்சிகள் பலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காணொளித் துண்டு ஏறக்குறைய எல்லாவற்றிலும் காட்டப்படுகிறது. அதிலிருந்து பெரும்பாலான பயிற்சியாளர்கள் எடுக்கும் பாடம், கேமரா முன்னால் வழக்கறிஞரைப் போலப் பேசாதீர்கள், மனிதரைப் போலப் பேசுங்கள் என்பதுதான். மகில் மறுநாளே வெளியிட்ட காணொளியில், தாம் சட்டத்தின் மீதே கவனம் வைத்துவிட்டதாகவும், இனப்படுகொலைக்கான அழைப்பு கொடிய வன்முறைக்கான அழைப்பு என்பதில் கவனம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பாடம் போதுமானதாகத் தோன்றவில்லை. அன்றைய விடைகளில் குறையாக இருந்தது பேச்சுத் திறமை மட்டும் அல்ல. ஒரு சொல்லை விதிப்படி தண்டிக்க முடியுமா முடியாதா என்பதோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் கேள்வியிலும் இருந்தது, விடையிலும் இருந்தது. அந்த எண்ணத்தைக் களைவதுதான் பயிற்சியின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஒன்றிய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் இனம், நிறம், பூர்வீக தேசம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே யூத மாணவர்களின் புகார்கள் நெடுங்காலம் இந்தப் பிரிவுக்குள் வராமலே நின்றன. 2004இல் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்த கென்னத் மார்க்கஸ், பொதுவான வம்சாவளியின் பெயரால் இழிவுபடுத்தப்படும் மதக் குழுவினருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று விளக்கம் தந்தார். 2010இல் ஒபாமா நிர்வாகமும், 2019 டிசம்பரில் டிரம்ப்பின் ஆணையும், 2024 மே மாதத்தில் பைடன் நிர்வாகத்தின் விரிவான வழிகாட்டுக் கடிதமும் அதே வழியில் சென்றன. இந்த நாட்டில் இரு கட்சி நிர்வாகங்களும் தொடர்ச்சியாக ஏற்றுக்கொண்ட சில விஷயங்களுள் இதுவும் ஒன்று. இதே விளக்கத்தின் கீழ்தான் சீக்கியர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோரின் புகார்களும் வருகின்றன.

அந்த 2024 கடிதத்தைப் பயிற்சிகளில் பலர் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அதில் இருப்பது மிக முக்கியமான செய்தி. அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கும் பேச்சைத் தண்டிக்க முடியாது என்பதை அது ஏற்கிறது. ஆனால் அத்தகைய பேச்சு ஒரு பிரிவு மாணவர்களுக்குப் பகைச் சூழலை உண்டாக்கியிருந்தால், பேசியவரைத் தொடாமலேயே அந்தச் சூழலைச் சரிசெய்யும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவு அளிக்கலாம். அந்தக் கருத்தை நிறுவனம் ஏற்கவில்லை என்று தலைவர் தம் பெயரிலேயே வெளிப்படையாகச் சொல்லலாம். வகுப்பு மாறவோ விடுதி மாறவோ வழி செய்யலாம், கணக்கெடுப்பு நடத்தலாம், ஊழியர்களுக்குப் பயிற்சி தரலாம். இத்தனை வழிகள் கையில் இருக்க, தண்டனை ஒன்றே கருவி என்று எண்ணும் நிர்வாகி, அந்தக் கருவி செல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பாதிக்கப்பட்ட மாணவருக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. பல நேரங்களில் அது உண்மையிலேயே அலட்சியம்தான்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே துணை ஆசிரியராக இருந்த ஒருவர், சியோனிச (யூதர்களுக்கெனத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கையை ஏற்கும்) மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் பெருமையாக எழுதியதாகவும், பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களுக்கான ஆதரவுக் குழு ஒன்று சியோனிசத்தை ஆதரிப்பவர்களை விலக்கியதாகவும் புகார்கள் எழுந்தன. 2022 செப்டம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் சுரேஷ் கரிமெல்லா (சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர், இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தின் தலைவர்) வெளியிட்ட அறிக்கை, மதிப்பெண்கள் பாகுபாடின்றி வழங்கப்பட்டனவா என்று முறையாகச் சரிபார்த்துவிட்டதாகக் கூறி, நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தது. மதிப்பெண்ணைச் சரிபார்த்தது சரியான செயல்தான். ஆனால் அந்தப் பதிவுகளைப் படித்த யூத மாணவர் மறுநாள் எந்த மனநிலையில் வகுப்புக்குள் நுழைவார் என்ற கேள்வி யாருடைய கோப்பிலும் இல்லை. இந்தப் புகார்கள் மீது குடிமை உரிமைகள் அலுவலகம் நடத்திய விசாரணை 2023 ஏப்ரலில் உடன்பாட்டில் முடிந்தபோது, பல்கலைக்கழகத்தின் பொது அறிக்கையே பிற மாணவர்கள் புகார் கொடுக்கத் தயங்கும் நிலையை உண்டாக்கியிருக்கக்கூடும் என்ற கவலையை அந்த அலுவலகம் தெரிவித்தது. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க எழுதப்படும் அறிக்கை, புகார் கொடுத்தவர்களைப் பொய்யர்கள் என்று சுட்டுவது போல் ஆகிவிடுவதைத் தலைவர்கள் உணர்வதே இல்லை.

அதே அலுவலகம் நடத்தி 2024 ஜூனில் முடிந்த மிச்சிகன் பல்கலைக்கழக விசாரணை இன்னும் பாடம் நிறைந்தது. யூத மாணவர்களும் பாலஸ்தீன, அரபு, முஸ்லிம் மாணவர்களும் கொடுத்த 75 புகார்களை அதிகாரிகள் ஆராய்ந்தார்கள். அவை தனித்தனியாகவோ ஒன்றுசேர்ந்தோ பகைச் சூழலை உண்டாக்கினவா என்று பல்கலைக்கழகம் மதிப்பிட்டதற்கான சான்று இல்லை என்பது அவர்களின் முடிவு. ஒரு யூத மாணவரின் புகார், சம்பவம் சமூக ஊடகத்தில் நடந்தது என்பதால் முறையான நடவடிக்கைக்கு வழியில்லை என்ற பதிலோடு திருப்பப்பட்டிருந்தது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு புகாரை விடுதிக் காப்பாளர் வாங்குகிறார், இன்னொன்றைத் துறைத் தலைவர் வாங்குகிறார், மூன்றாவது வளாகக் காவல் துறைக்குப் போகிறது. ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்ததைத் தனியே பார்த்து, இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. தலைவருக்கான பயிற்சியில் இதைவிடப் பெரிய பாடம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய வேலை ஒவ்வொரு புகாரையும் தாமே விசாரிப்பது அன்று. எல்லாப் புகார்களும் வந்து சேரும் ஓர் இடத்தை உண்டாக்கி, பருவம்தோறும் அந்தப் பதிவேட்டை வாங்கிப் படிப்பதுதான்.

இத்தகைய பயிற்சிகள் 2023க்குப் பிறகு திடீரென முளைத்தவை அல்ல. யூத மாணவர் அமைப்பான ஹில்லெல், வளாகச் சூழல் முன்முயற்சி என்ற பெயரில் நிர்வாகிகளோடு சேர்ந்து பணியாற்றும் திட்டத்தை 2020 வாக்கிலேயே தொடங்கியது. பேராசிரியர்களை மையமாகக் கொண்ட அகாடமிக் என்கேஜ்மென்ட் நெட்வொர்க் அதற்கும் முந்தையது. 2022இல் அமெரிக்கக் கல்விக் கவுன்சிலும் ஹில்லெலும் அமெரிக்க யூதக் குழுவும் இணைந்து பல்கலைக்கழகத் தலைவர்களுக்காகவே ஒரு கூட்டத்தை நியூயார்க்கில் நடத்தின. ஆக, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு தடுமாறிய நிறுவனங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

நான் கலந்துகொண்டவற்றுள் பயன்பட்டது ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் உரையே கிடையாது. டீன், சட்ட ஆலோசகர், வளாகக் காவல் அதிகாரி, விடுதி நிர்வாகி, செய்தித் தொடர்பாளர் என்று முடிவெடுக்கும் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அரை மணிக்கு ஒரு தாளை நீட்டினார்கள். முதல் தாளில், ஒரு மாணவியின் விடுதி அறைக் கதவு நிலையில் பொருத்தியிருந்த மெசூசா (வேத வாசகம் வைத்த சிறு பேழை, யூத வீடுகளின் வாசலில் இருப்பது) பெயர்த்தெறியப்பட்டிருக்கிறது. இரண்டாம் தாளில், அதே மாணவி தாம் சேர்ந்திருந்த சுற்றுச்சூழல் மன்றத்தில் இஸ்ரேலைப் பற்றிய தம் நிலைப்பாட்டை முதலில் அறிவிக்குமாறு கேட்கப்படுகிறார். வேறு எவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. மூன்றாம் தாளில் அவருடைய பேராசிரியர், அவர் யோம் கிப்பூர் (யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாள்) அன்று வராமல் தவறவிட்ட தேர்வுக்கு மறுதேர்வு தர மறுக்கிறார். முதலாவது குற்றச் செயல், இரண்டாவது பெரும்பாலும் பேச்சு, மூன்றாவது விடுமுறைக் கொள்கை. மேசையில் இருந்த நாங்கள் மூன்றையும் மூன்று அலுவலகங்களுக்குச் சரியாகப் பிரித்து அனுப்பிவிட்டுத் திருப்தியாக இருந்தோம். மூன்றும் ஒரே மாணவிக்கு நடந்தவை என்பதை நடத்தியவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது.

நிர்வாகிகளின் அறியாமை சில இடங்களில் வியப்பூட்டுகிறது. யூத நாட்காட்டியின்படி ஆண்டுப் பிறப்பும் யோம் கிப்பூரும் செப்டம்பர், அக்டோபரில், அதாவது இங்கே கல்வியாண்டின் முதல் தேர்வுகள் தொடங்கும் வேளையில் வருகின்றன என்பது தெரியாமல் அட்டவணை போடுபவர்கள் இன்னும் உண்டு. யூதர்கள் எல்லோரும் வெள்ளையர், வசதியானவர், ஆகவே பாகுபாடு பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடமில்லை என்ற எண்ணமும் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் புழங்குகிறது. அமெரிக்காவின் வயது வந்தோரில் யூதர்கள் ஏறத்தாழ 2.4 விழுக்காடு என்பது பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கு. எஃப்.பி.ஐ. 2023ஆம் ஆண்டுக்குத் தொகுத்த வெறுப்புக் குற்றங்களில் யூதர்களுக்கு எதிரானவை மட்டும் 1,832. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, எங்கள் அறையில் சிலருக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

பல்கலைக்கழகங்களின் சொந்த வரலாறும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். 1922இல் ஹார்வர்டில் யூத மாணவர்களின் பங்கு 21 விழுக்காட்டைத் தாண்டியபோது, அதை 15 விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல் முயன்றார். வெளிப்படையான ஒதுக்கீடு எதிர்ப்பால் நின்றது. பிறகு குணநலன், நேர்காணல், புகைப்படம், வசிக்கும் பகுதி ஆகியவற்றைக் கேட்டு அதே வேலை சத்தமில்லாமல் நடந்தது. 1950களில் யூத மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்தியதற்காக ஸ்டான்ஃபோர்டு 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது எமரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளியின் கதை. 1948 முதல் 1961 வரை ஜான் புலர் அங்கே டீனாக இருந்த காலத்தில், யூத மாணவர்களில் சுமார் 65 விழுக்காட்டினர் தேர்ச்சி பெறாதவர்களாக வெளியேற்றப்பட்டார்கள் அல்லது ஆண்டுகளைத் திரும்பப் படிக்க வைக்கப்பட்டார்கள். தாங்கள் திறமையற்றவர்கள் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். வெட்கத்தால் குடும்பத்தாரிடம்கூட அவர்கள் பேசவில்லை. 1952இல் அப்படி வெளியேற்றப்பட்ட பெரி பிரிக்மன், வேறு இடத்தில் படித்துப் பல் மருத்துவராகி, முதிய வயதில் பழைய தோழர்களைத் தேடிச் சென்று அவர்களின் வாக்குமூலங்களைக் காணொளியில் பதிவு செய்தார். அவற்றின் விளைவாக 2012 அக்டோபரில் எமரி மன்னிப்புக் கேட்டது. எமரி நிர்வாகத்தின் மற்ற பகுதிகளுக்கு இது தெரியாமலே இருந்திருக்குமா? தேர்ச்சிப் பட்டியல் ஆண்டுதோறும் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தப் பட்டியலைக் கையெழுத்திட்டு வாங்கி வைத்தவர்களின் இடத்தில் உட்கார்ந்து பார்க்குமாறு இன்றைய டீன்களைக் கேட்பது எந்த விளக்கப்படத்தையும்விட ஆழமாக இறங்கும்.

கல்லாமையை இவ்வாறு போக்கலாம். கேட்க விருப்பமின்மை வேறு வகை நோய். 2024 மே 31 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சந்திப்பில் வளாகத்தின் யூத வாழ்வைப் பற்றி ஓர் உரையாடல் நடந்துகொண்டிருந்தபோது, அரங்கில் அமர்ந்திருந்த டீன்கள் சிலர் பேச்சாளர்களை ஏளனம் செய்து தங்களுக்குள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் அலைபேசித் திரையை அருகிலிருந்தவர் படமெடுத்ததால் அது வெளியே வந்தது. பழமையான யூத வெறுப்புச் சாயல்களை அந்தச் செய்திகள் தொடுகின்றன என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டு, மூவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. பிறகு அவர்கள் பதவி விலகினார்கள். அத்தகையோர் எந்தப் பயிற்சிக்கும் வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போவார்கள். எனவே தலைவர், தம் அடுத்த வட்டத்தில் உள்ளவர்கள் தமக்குத் தெரியாமல் என்ன பேசுகிறார்கள் என்பதற்கும் தாமே பொறுப்பு என்று கொள்வது நல்லது.

இனி, யூத வெறுப்பு என்பது எது என்ற வரையறைச் சண்டைக்கு வருகிறேன். பயிற்சி நேரத்தின் பாதியை அது விழுங்கிவிடுகிறது. சர்வதேச யூத இன அழிப்பு நினைவுக் கூட்டணி 2016 மே மாதம் ஏற்ற செயல்பாட்டு வரையறையின் 11 எடுத்துக்காட்டுகளில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. அதற்கு மாற்றாக 2021இல் ஜெருசலேம் பிரகடனம் வந்தது. முதல் வரையறையின் தலைமை வரைவாளராக இருந்த கென்னத் ஸ்டெர்ன், அது தரவு திரட்டுவதற்காக எழுதப்பட்டது, வளாகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்தும் விதியாகப் பயன்படுத்தக்கூடாது என்று பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார். பிரித்தானியாவில் 2020இல் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் அந்த முதல் வரையறையை ஏற்குமாறு பல்கலைக்கழகங்களை நிதி குறித்த எச்சரிக்கையோடு நெருக்கினார். 2021இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் பணிநீக்கிய பேராசிரியர் டேவிட் மில்லரின் வழக்கிலோ, 2024 பிப்ரவரியில் தொழிலாளர் தீர்ப்பாயம் அவருடைய சியோனிச எதிர்ப்பு நம்பிக்கை சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்றே கூறியது. நான் பார்த்தவரை, மெசூசா பெயர்க்கப்பட்ட கதவின் முன் நிற்கும் நிர்வாகிக்கு எந்த வரையறை சரி என்ற கேள்வி எழுவதே இல்லை. ஒரு மாணவரின் பெயரையோ கிப்பா தொப்பியையோ பார்த்து, தொலைதூர அரசாங்கம் ஒன்றின் செயலுக்கு அவரிடம் கணக்குக் கேட்பது இழிவு என்பதைப் புரிந்துகொள்ளவும் வரையறை தேவையில்லை. காஸாவின் அழிவைக் கண்டித்து ஊர்வலம் போகும் மாணவர்களுள் யூத மாணவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊர்வலத்தையே யூத வெறுப்பு என்று முத்திரை குத்தும் பயிற்சி தவறானது என்று நான் நினைக்கிறேன்.

ஹார்வர்டின் இரண்டு பணிக்குழுக்கள் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைகளின் கணக்கெடுப்பில், வளாகத்தில் உடலளவில் பாதுகாப்பாக உணரவில்லை என்று சொன்ன யூதர்கள் 15 விழுக்காடு, முஸ்லிம்கள் 47 விழுக்காடு. கருத்தைச் சொன்னால் கல்வியிலோ பணியிலோ பாதிப்பு வரும் என்று அஞ்சியவர்கள் யூதர்களில் 61 விழுக்காடு, முஸ்லிம்களில் 92 விழுக்காடு. ஒரு பிரிவின் அச்சத்தைக் கேட்கப் பழகிய நிர்வாகி மற்றதையும் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன். மாணவர்கள் தலையில் கட்டாயக் காணொளியைச் சுமத்துவது இதற்கு உதவுவதில்லை. நார்த்வெஸ்டர்னில் 2025இல் அத்தகைய காணொளிப் பயிற்சியை முடிக்க மறுத்த மாணவர்களின் பாடப் பதிவு தடுக்கப்பட்டு, விஷயம் வழக்கு வரை போனது.

அரசியல் இதில் நுழைந்த விதம் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் யூத வெறுப்பைக் காரணம் காட்டிக் கொலம்பியாவின் சுமார் 40 கோடி டாலர் ஆராய்ச்சி நிதியை நிறுத்தியது. ஜூலையில் 20 கோடி டாலருக்கு மேல் கட்டுவதற்கும் வேறு பல நிபந்தனைகளுக்கும் பல்கலைக்கழகம் உடன்பட்டது. அதேபோல் நிதி நிறுத்தப்பட்ட ஹார்வர்டு வழக்காடியது. செப்டம்பரில் நீதிபதி அலிசன் பரோஸ், நிதி நிறுத்தம் சட்டவிரோதம் என்றும், யூத வெறுப்பு ஒரு புகைத்திரையாகப் பயன்படுத்தப்பட்டது என்றும் தீர்ப்பளித்தார். ஹார்வர்டு யூத மாணவர்களைக் காக்கத் தவறியது என்பதையும் அதே தீர்ப்பு மறுக்கவில்லை. பயிற்சி அறைகளில் இப்போது முதல் கேள்வி, இதைச் செய்தால் வாஷிங்டனில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதாக இருக்கிறது. அந்த மாணவியின் கதவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம்மவர்களுக்கு இதில் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. சாதியைத் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் முதன்முதலில் சேர்த்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் பிராண்டைஸ், 2019 டிசம்பரில். 1948இல் அமெரிக்க யூதச் சமூகத்தின் முயற்சியால், மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்ட காலத்தில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அது. சாதி பற்றிப் புகார் கொடுக்க வரும் மாணவரிடம், மேல்சாதிப் பெயர் எது என்று அடையாளம் காணத் தெரியாத அமெரிக்க டீன் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மெசூசா என்றால் என்ன என்று கேட்ட டீனின் முகத்தில் கண்டதும் அதே திகைப்புதான்.

வெர்மான்டையும் மிச்சிகனையும் பொறுமையாக, புகார் புகாராகப் படித்து ஆராய்ந்த பணி குடிமை உரிமைகள் அலுவலகத்தின் வட்டாரக் கிளைகளுடையது. வெர்மான்ட் பாஸ்டன் கிளையின் கீழும், மிச்சிகன் கிளீவ்லாந்து கிளையின் கீழும் வந்தன. 2025 மார்ச்சில் கல்வித் துறை தன் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைத்து, அந்த அலுவலகத்தின் 12 கிளைகளில் 7ஐ மூடுவதாக அறிவித்தது. பாஸ்டனும் கிளீவ்லாந்தும் அந்த ஏழில் அடக்கம்.